தூரிகையும் உயிரும்

ஓர் ஆசிரியர் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறுகின்றார் எனக் கொள்க. பிரியாவிடை விழாவில் பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடி அவருக்கு ஒரு பெட்டியை அன்பளிப்பாக வழங்குகின்றனர். பெட்டியினுள் சவரக்கத்தி ஒன்றும், சவர்க்காரக் கிண்ணம் ஒன்றும், கனத்த கைப்பிடியுடன் கூடிய சவரத் தூரிகை ஒன்றும் இருக்கின்றன. தூரிகையின் மயிர் அடியில் வெளுத்தும், நடுவே கறுத்தும், நுனியில் மீண்டும் வெண்மையாகவும் காணப்படுகின்றது. தொட்டால் பட்டுப்போல் இருக்கின்றது. மறுநாட்காலை அவர் கண்ணாடிமுன் நின்று நுரை குழைக்கும்பொழுது, நான்காம் படிவத்தில் பயிலும் பேத்தி எட்டிப் பார்த்து, "இது எந்தப் பிராணியின் முடி, தாத்தா?" என்று கேட்கின்றாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் வினாக்களுக்கு விடை கூறியே பழகியவருக்கு இவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்க்கின்றார். அதன் அடியில் 'பேட்ஜர்' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. "அதைக் கொன்றா எடுத்தார்கள்?" என்பது பேத்தியின் அடுத்த வினா.

முகம் மழித்துக்கொள்வதிலுமா அறம் உண்டு என நகைப்போர் இருக்கக்கூடும். கொலை, களவு, பொய், வஞ்சம் முதலியவற்றைப் பற்றியே அறநூல்கள் பேசும் என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், ஓர் உயிரைக் கொல்லலாமா என்று நின்று ஆராய்ந்து முடிவெடுக்கும் தருணம் பெரும்பாலோர் வாழ்வில் வருவதே இல்லை. எதை வாங்குவது, எதை விடுப்பது என்னும் தருணமோ நாள்தோறும் வருகின்றது. அதனை ஒரு முடிவு என்றே எவரும் கருதுவதில்லை. காலையில் பள்ளி மணி அடிக்குமுன் முகம் மழித்தாக வேண்டும். கைக்குக் கிடைத்த தூரிகையை எடுத்துக் கொள்கின்றனர். வாங்கும்பொழுது பார்த்ததும் விலையும் அழகுமே. பேத்தி கேட்ட வினாவைக் கடைக்காரரிடம் கேட்டவர் மிகச் சிலராகவே இருப்பர்.

பேட்ஜர் என்னும் விலங்கினைத் தமிழில் வளைக்கரடி என்று குறிப்பர். பெயரில் கரடி இருப்பினும் அது கரடியினத்தைச் சார்ந்ததன்று. நீர்நாய்க்கு உறவான சிறு விலங்கு. குட்டைக் கால்களும், மண்ணைத் தோண்டுதற்கேற்ற வலிய நகங்களும், முகத்தில் கருப்பு வெள்ளைக் கோடுகளும் உடையது. நிலத்தடியில் வளை தோண்டி வாழும். பகலில் உறங்கி இரவில் இரை தேடும். ஐரோப்பிய வளைக்கரடிகள் கூட்டமாக ஒரே வளையில் தலைமுறை தலைமுறையாக வாழ்வதையும், வளையினுள் படுக்கைக்காகப் பரப்பிய பழைய புல்லை வெளியே தள்ளிவிட்டுப் புதுப்புல்லை இழுத்துச் செல்வதையும் ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். போர்னியோத் தீவின் காடுகளிலும் ஆங்கிலத்தில் பேட்ஜர் என்று பெயர் சூட்டப்பெற்ற விலங்கொன்று உண்டு. ஆயினும், துர்நாற்றத்தைப் பீய்ச்சித் தன்னைக் காத்துக்கொள்ளும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என விலங்கியலார் பிரித்துவிட்டனர். தூரிகைக்கு மயிர் தருவது அதுவன்று. இன்று உலகச் சந்தைக்கு வரும் தூரிகை மயிரில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகின்றது.

சவரத் தூரிகையின் பணி எளியது. வெந்நீரை ஏந்திச் சென்று தாடி மயிரை நனைத்து மென்மையாக்க வேண்டும். சவர்க்காரத்தை நுரையாக்க வேண்டும். படிந்து கிடக்கும் மயிரை எழுந்து நிற்கச் செய்ய வேண்டும். வளைக்கரடியின் மயிர் நீரை நன்கு பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையது. நுனி மெலிந்திருப்பதால் தோலை உறுத்தாது. ஆதலின் அதற்கு மதிப்பு ஏற்பட்டது. வணிகர் அதனை 'ப்யூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' எனத் தரம் பிரித்து விற்கின்றனர். இவற்றுள் 'தூயது' எனப் பொருள்படும் முதற்சொல்லே கடைநிலைத் தரத்தைக் குறிக்கின்றது. 'மிகச் சிறந்தது' எனப் பொருள்படும் சொல்லோ அதற்கு அடுத்த படியில் நிற்கின்றது. சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியர்கள் வணிகரிடமிருந்து கற்க வேண்டியவை பல உள்ளன போலும்! பன்றிமயிர்த் தூரிகை இதனினும் விறைப்பானது, விலையும் மிகக் குறைவு. குதிரை மயிராலும் தூரிகை கட்டுவதுண்டு.

செயற்கை இழைத் தூரிகை தொடக்கத்தில் இவற்றுக்கு நிகராக நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கால நைலான் இழை தடிப்பானது, நீரை ஏந்தாது, முகத்தைக் கீறுவது போலிருக்கும். அதனை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கத் தயங்கியதில் வியப்பில்லை. ஆயினும் இந்நூற்றாண்டில் வந்துள்ள இழைகள் வேறு வகையின. அவை நுண்மையானவை, நுனி கூம்பியவை. குறைந்த சவர்க்காரத்தில் விரைவில் நுரை எழுப்புகின்றன. விரைவில் உலர்ந்து விடுகின்றன. புதிதாக வாங்கிய விலங்குமயிர்த் தூரிகையில் சில நாள் வீசும் வாடை அவற்றில் இல்லை. விலையோ சில்வர்டிப் தூரிகையின் விலையில் ஒரு சிறு பங்கு. வளைக்கரடி மயிர் வெந்நீரின் வெப்பத்தை நெடுநேரம் தாங்கி நிற்கும் இன்பத்தை இழை தருவதில்லை என்பாரும் உளர். அவர் கூற்றைப் பொய் என்று தள்ள வேண்டுவதில்லை. இரு தூரிகைக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு கன்னத்தில் உணரும் ஒரு மென்மையின் அளவே.

இவ்விடத்தில் பலரும் கையாளும் முதல் வாதம், விலங்கின் மயிர் இயற்கையானது, இழை செயற்கையானது, ஆகவே முன்னதே நல்லது என்பதாகும். 'இயற்கையும் செயற்கையும்' என்னும் தலைப்பில் மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி தராத தமிழாசிரியர் இரார். மாணவரும் இயற்கையைப் போற்றிச் செயற்கையைத் தூற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து மதிப்பெண் பெற்றுச் செல்கின்றனர். அவ்வாதம் எத்துணை உறுதியானது என்று ஆராயத் தூரிகையின் வரலாறே உதவும்.

முதல் உலகப் போர்க் காலத்தில், முகத்திலும் கழுத்திலும் கரும்புண் தோன்றிப் படைவீரர் சிலர் இறந்தனர். கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், அவர்களைப் பற்றியிருந்தது. மருத்துவர் ஆராய்ந்து பார்த்ததில் நோய் சவரத் தூரிகையிலிருந்து வந்தது தெரிந்தது. போரினால் வழக்கமான வணிக வழிகள் தடைப்பட்டமையால், குதிரை மயிருக்கு வளைக்கரடி மயிரைப் போல வண்ணமேற்றி மலிவான தூரிகைகள் செய்யப்பட்டன. உரிய முறையில் நோய்நீக்கம் செய்யப்படாத மயிர் அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரரும் பொதுமக்களுமாக 200-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றனர். சிறு வெட்டுக்காயம் போதும், கிருமி உட்புக. பிரிட்டன் 1919-இல் இதற்கெனச் சட்டமியற்றி, 1920-இல் ஜப்பானியத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடுத்தது. குதிரை மயிரும் இயற்கையே, நோய்க்கிருமியும் இயற்கையே.

பல்துலக்கியின் வரலாறு இதனினும் தெளிவானது. 1938-க்கு முன் பல் துலக்கும் தூரிகைகளில் பன்றி மயிரே பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவில் நைலான் இழை பொருத்திய பல்துலக்கி விற்பனைக்கு வந்தது. நைலானைக் கொண்டு மக்களுக்கு விற்கப்பட்ட முதற்பொருள் அதுவே. இன்று உலகில் பல் துலக்குவோருள் எவரேனும் பன்றி மயிரை இழந்தோமே என்று வருந்துகின்றனரா? வாயினுள் செயற்கையை ஏற்றவர் கன்னத்தில் மட்டும் அதனை ஏற்க மறுப்பதற்கு இயற்கைப் பற்று காரணமாக இருத்தல் இயலாது. பல்துலக்கியை எவரும் அன்பளிப்புப் பெட்டியில் வைத்து வழங்குவதில்லை. சவரத் தூரிகையை வழங்குகின்றனர். பெருமிதமே காரணம்.

ஆயினும் செயற்கையின் பக்கம் நின்று இவ்வளவு எளிதாக வழக்கை முடித்துவிட மலேசியத் தமிழர்க்கு உரிமையில்லை. அவர்தம் முன்னோர் வாழ்வே ஓர் இயற்கைப் பொருளை நம்பி நடந்தது. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் மலாயாவில் காடழித்து நட்ட ரப்பர் மரங்களை நம்பித் தென்னாட்டிலிருந்து கப்பலேறி வந்தோர் எத்தனை ஆயிரவர்! விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடிப் பால்வெட்டி, பாத்திரம் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு வந்தவர் அவர். 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அந்நாட்டார் எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை விரைந்து கட்டினர். போர் முடிந்தது, ஆலைகள் நின்றுவிடவில்லை. அதன்பின் இயற்கை ரப்பரின் விலை செயற்கை ரப்பரோடு போட்டியிட்டே நிற்க வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு தொழிற்சாலையில் இதுவா அதுவா என்று ஒருவர் எடுத்த முடிவு, தோட்டத்து லயத்தில் ஒரு தாயின் அரிசிப் பானையில் வந்து தெரிந்தது. அம்முடிவை எடுத்தவர் அந்தத் தாயை அறியார்.

ஆகவே, செயற்கையைத் தேர்ந்தெடுப்போர் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை என்று சொல்ல முடியாது. மயிரைத் திரட்டுவோர், தரம் பிரிப்போர், கையால் கட்டுவோர் எனத் தூரிகைத் தொழிலையும் நம்பி மனிதர் வாழ்கின்றனர். அவர்தம் பிழைப்பு ஒரு பொருட்டே அன்று எனத் தள்ளுவோர், ரப்பர் விலை விழுந்த காலத்தில் தம் பாட்டனார் பட்ட பாட்டை மறந்தவராவர். இருப்பினும் இரண்டுக்குமிடையே பெரியதொரு வேறுபாடு இருக்கின்றது. பால்மரத்தை வெட்டுகின்றனர், மரம் சாவதில்லை. பட்டையைச் சற்றே சீவினால் பால் வடிகின்றது. மறுநாளும் மரம் நிற்கின்றது. ஒரே மரம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் பால் தருகின்றது. ஆட்டின் உரோமத்தைக் கத்தரித்தால் ஆடு எழுந்து நடக்கின்றது. திகம்பர சமணத் துறவியர் கையில் ஏந்தும் பீலிக்கற்றை மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனது. வளைக்கரடியின் மயிர் இவ்வாறு வருவதில்லை, தோலோடு வருகின்றது. கையால் தூரிகை கட்டுவோர் செயற்கை இழையையும் அதே கையால் கட்டலாம். பலர் இன்று அவ்வாறே கட்டுகின்றனர்.

செயற்கை இழை மண்ணில் மட்காதே என்பது அடுத்த மறுப்பு. உண்மையே. எண்ணெயிலிருந்து பிறந்த இழை, மயிர்போல் மண்ணோடு மண்ணாவதில்லை. ஆற்றிலும் கடலிலும் குவிந்து கிடக்கும் நெகிழியும் உயிர்களைக் கொல்கின்றது. இம்மறுப்பைச் சொல்வோர் பலர் கையில் ஒருமுறை மழித்து எறியும் நெகிழிக் கத்தி இருப்பதையும், வளைக்கரடித் தூரிகைகள் பலவற்றின் கைப்பிடியே நெகிழியால் ஆனது என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பேணிப் பயன்படுத்தினால் ஒரு தூரிகை பல ஆண்டுகள் வரும். பல ஆண்டுக்கு ஒருமுறை எறியப்படும் ஒரு கைப்பிடி இழையைத் தீமையே இல்லாதது எனச் சொல்ல முடியாது. ஆயினும் அதனை ஓர் உயிரின் வலியோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்துமா என்பதை அவரவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வலியைப் பற்றிப் பேசும்பொழுது, "கொன்றவன் யாரோ, நான் கடையில் காசு கொடுத்து வாங்கினேன்" என்னும் சொல் எழுவது இயல்பு. இச்சொல்லுக்குத் திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் என்றோ விடை தந்துவிட்டார். தின்பதற்காகக் கொள்வோர் உலகில் இல்லையாயின் விலைக்காக ஊன் தருவோரும் இல்லை என்பது அவர் காட்டும் கணக்கு. ஊனுக்குச் சொன்னது மயிருக்கும் பொருந்தும். உணவுக்கேனும் பசி என்னும் காரணம் உண்டு. இக்கணக்கை வகுப்பில் கற்பித்துத் தேர்வில் வினாவாகக் கேட்போர், கடைக்குச் செல்லும்பொழுது அதனை வகுப்பறையிலேயே விட்டுச் செல்வது வழக்கமாகிவிட்டது.

இக்கணக்கைத் தூரம் மறைத்துவிடுகின்றது. பிரிட்டனில் வளைக்கரடியைக் காக்க 1973-இல் ஒரு சட்டம் வந்தது. 1992-இல் அது விரிவாக்கப்பட்டது. உரிமமின்றி அவ்விலங்கைக் கொல்வதும், பிடிப்பதும், அதன் வளையைச் சிதைப்பதும் அங்கே குற்றம். ஆங்கிலேயப் பெருமிதத்தின் சின்னமாக விற்கப்படும் வளைக்கரடித் தூரிகைக்கோ மயிர் சீனாவிலிருந்து வருகின்றது. தன் நாட்டு விலங்கைக் கொல்வது குற்றம். பிற நாட்டு விலங்கின் தோலிலிருந்து மயிர் கொள்வது வணிகம். இதனைச் சுட்டும்பொழுது ஆங்கிலேயரை மட்டும் நகைப்பதும் நேர்மையன்று. தன் வீட்டில் எறும்பையும் மிதிக்காமல் நடக்கும் சைவக் குடும்பத்துப் பெட்டியிலும், கூட்டுப்புழுக்களைக் கொதிநீரிலிட்டு எடுத்த பட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. கண்ணுக்கு எட்டாத கொலை எல்லா இனத்தார்க்கும் எளிதாகவே இருந்து வந்துள்ளது.

2018-ஆம் ஆண்டில் பீட்டா என்னும் விலங்குரிமை இயக்கத்தின் ஆசியப் பிரிவு, சீனாவில் இம்மயிருக்காக வளைக்கரடிகள் வளர்க்கப்படும் முறையைப் படம் பிடித்து வெளியிட்டது. மண்ணைத் தோண்டுதற்கென்றே நகம் படைக்கப்பெற்ற விலங்கு, கால்வைக்க மண் இல்லாத சிறு கம்பிக்கூண்டில் சுற்றிச் சுற்றி வந்தது. கொல்லப்படும் முறையும் அதில் இருந்தது. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதன்பின் பன்னாட்டு நிறுவனங்கள் பல இத்தூரிகையை விற்பதைக் கைவிட்டன. எல்லா மயிரும் இவ்வாறே வருகின்றது என்று கூறுதல் மிகையாகலாம். காட்டில் பயிரழிப்பதால் கொல்லப்பட்ட விலங்கின் மயிர் இது என்று வணிகர் கூறுவதும் உண்டு. கடையில் தூரிகையைக் கையிலெடுப்பவர்க்கோ இதுவா அதுவா என்று அறிய வழியே இல்லை.

விலங்கின் உடலிலிருந்து எதனையும் கொள்ளலாகாது என்று சொல்வது இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. மிருதங்கத்தின் இருபுறமும் தோலே. செயற்கைத் தோல் பூட்டிய மிருதங்கங்கள் இன்று வந்துவிட்டன. ஆயினும் அவற்றின் நாதம் தோலின் நாதத்துக்கு ஈடாகுமா என்பதில் வித்துவான்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஒரு கலைமரபே அதனைச் சார்ந்து நிற்கும்பொழுது, தோலை விட இயலவில்லை என்று கலைஞர் கூறினால் அதனைக் கேட்டு எடைபோட இடமுண்டு. தூரிகைக்கு அப்படி ஒரு வழக்காட இயலுமா? முகம் மழிக்கத் தூரிகையே இன்றியமையாததன்று. விரலாலும் நுரை பூசலாம். தேவையின் பெயரால் கொள்வது ஒன்று, மென்மையின் பெயரால் கொள்வது மற்றொன்று. நிகரான பொருள் ஒன்று அருகிலேயே, அதுவும் குறைந்த விலையில் இருக்கும்பொழுது, ஏன் வேண்டாம் என்று கேட்பவர் காரணம் காட்ட வேண்டியதில்லை. ஏன் வேண்டும் என்று கொள்பவரே காரணம் காட்ட வேண்டும். நைலான் முகத்தைக் கீறிய காலத்தில் அக்காரணம் ஓரளவு இருந்தது. இன்று அது தேய்ந்துவிட்டது.

மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவை மானம் உடையார்க்கு உவமையாக்கினார் வள்ளுவர். அது விலங்கியல் உண்மையா என்று கேட்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருப்பார். இமயத்துக் கவரியின் மயிரைக் கத்தரித்தால் அது செத்து வீழ்வதில்லை; கோயிலில் வீசும் வெண்சாமரத்தைக் காட்டி ஆசிரியரும் அதனைப் புலவரின் உவமை என்று விளக்கி மேலே செல்வார். வளைக்கரடியின் வாழ்வில் அவ்வுவமை சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிட்டது. ஆனால் மானம் பற்றிய வினா அவ்விலங்கை நோக்கியதன்று.

அறியாமல் கொள்வோரின் நிலை என்ன என்பது இன்னும் எஞ்சி நிற்கின்றது. இதனை விளக்க ஓவிய வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நெடுங்காலமாக நுண்ணிய ஓவியத் தூரிகைகள் கீரியின் மயிரால் செய்யப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி காக்கப்படும் விலங்கு. அதன் மயிரை விற்பது குற்றம். ஆயினும் வணிகம் மறைவாக நடந்து வந்தது. 2019 அக்டோபரில் பல மாநிலங்களில் அதிகாரிகள் ஒரே நாளில் சோதனையிட்டு, 50,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளைக் கைப்பற்றினர். அவற்றை வாங்கி வந்தோருள் ஓவியம் பயிலும் மாணவரும் அடங்குவர். கீரியைத் தமிழர் கீரிப்பிள்ளை என்று அழைப்பர். தொட்டிற் குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, வாயிலிருந்த குருதியைக் கண்டு பிழைபட எண்ணிக் கொன்றுவிட்ட தாயின் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அக்கதை வருகின்றது; அப்பெண்ணின் பழியைப் போக்கக் கோவலன் பொருளீந்தான். அக்கதையைக் கேட்டுக் கண்கலங்கிய மாணவன் அடுத்த பாடவேளையில் அதே கீரியின் மயிரைத் தோய்த்துப் பூ வரைந்திருக்கலாம். அவன்மேல் குற்றமில்லை. அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று சட்டமியற்றவும் இயலும். மலேசியாவில் 2013-இல் வந்த ஓர் ஆணையின்படி, பன்றி அல்லது நாயின் உடற்பகுதியால் செய்த பொருளை விற்போர் அதனைக் குறிப்பிட்டுத் தனியே வைத்து விற்க வேண்டும். 2017 பிப்ரவரியில் அதிகாரிகள் கடைகளில் சோதனையிட்டு, பன்றி மயிர் என ஐயுற்ற 2,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளைக் கைப்பற்றினர். சாயம் பூசும் தூரிகையும் பலகாரத்தில் எண்ணெய் தடவும் தூரிகையும் அவற்றுள் இருந்தன. இசுலாமியரின் சமய ஒழுக்கத்தைக் காக்க எழுந்தது அவ்வாணை. எனினும் அதனுள் எல்லார்க்கும் பொதுவான ஒரு கொள்கை அடங்கியிருக்கின்றது: கையில் உள்ள பொருள் எவ்வுயிரிடமிருந்து வந்தது என்று அறிதல், வாங்குவோரின் உரிமை. முசுலிம் அண்டைவீட்டார் தூரிகை வாங்குமுன் எவ்வகை மயிர் என்று கேட்பதைப் பார்த்து, இதென்ன நுணுக்கம் என்று வியந்த தமிழர் உண்டு. கொல்லாமையைத் தம் நெறி என்போரும் அவ்வினாவைக் கடையில் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

இனி, ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் திரும்பலாம். புதிதாக வாங்குவதைப் பற்றி அவருக்கும் பேத்திக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கையிலுள்ள தூரிகையை என் செய்வது என்பதில்தான் வழக்கு. "விலங்கு இறந்துவிட்டது; எறிந்தால் அது மீளப்போவதில்லை; எறிந்தால் அதன் சாவும் வீண், பிள்ளைகளின் அன்பும் வீண்" என்கின்றார் ஆசிரியர். "நீங்கள் பயன்படுத்துவதைப் பார்ப்பவர்கள் இது நல்ல தூரிகை என்று தாங்களும் வாங்குவார்கள், தாத்தா" என்கின்றாள் பேத்தி. குளியலறைக்குள் எவர் வந்து பார்க்கப் போகின்றார் என்று அவர் நகைக்கின்றார். அவள் பார்த்ததால்தானே இப்பேச்சே எழுந்தது என்கின்றாள் அவள். அதற்கு அவரிடம் விடையில்லை.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பாட்டனார் விட்டுச் சென்ற புலித்தோலும், பாட்டியின் பட்டும், தந்தப் பிடியிட்ட பேனாக்கத்தியும் எத்தனையோ வீடுகளில் இதே வழக்கை எழுப்பாமல் அமைதியாகக் கிடக்கின்றன. கொன்றோரும் கொண்டோரும் மறைந்துவிட்டனர். பொருள் மட்டும் நிற்கின்றது. அதனைப் போற்றி வைத்திருப்பது கொலையை ஒப்புவதாகுமா, இறந்த உயிருக்குச் செய்யும் ஒரு மரியாதையாகுமா என்பதற்கு எல்லார்க்கும் பொருந்தும் விடையொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அன்பளிப்பாயின் சிக்கல் இன்னும் மிகுதி. தந்த மாணவர் தீங்கு நினைந்து தரவில்லை. தம்மால் இயன்றதில் உயர்ந்ததைத் தேடித் தந்தனர். அவரிடம் சென்று இது கொலைப்பொருள் எனச் சொன்னால் மனம் நோவர். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டு ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் இதனையே வாங்குவர்.

ஆசிரியர் இரண்டு நாள் எண்ணிப் பார்த்து, மாணவருக்கு நன்றிக் கடிதம் எழுதுகின்றார். அன்பைப் பாராட்டி ஒரு பத்தி. பேத்தி கேட்ட வினாவை அவ்வாறே எடுத்தெழுதி ஒரு பத்தி. தமக்கு அன்று விடை தெரியாமற் போனதைச் சொல்லி ஒரு வரி. அறிவுரை ஏதும் எழுதவில்லை. தூரிகையை, அதன் மயிர் உதிர்ந்து தீரும்வரை தாமே பயன்படுத்துவதென முடிவு செய்கின்றார். பேத்தி இதற்கு உடன்படவில்லை. கடிதத்தை அஞ்சலில் சேர்க்க மட்டும் அவளே எடுத்துச் செல்கின்றாள்.